அம்மாவுக்குத் தெரிந்திருந்தது

எங்கள் அம்மாவுக்கு விடாத இருமல். எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் ஒரு நிழல். "புற்றுநோய்தான், முற்றிவிட்டது" என்றார் மருத்துவர். திசுப் பரிசோதனை செய்யும் முன்பே சொல்லிவிட்டார். நாங்களும் கேட்கவில்லை; பயம் எங்களைக் கேட்க விடவில்லை.

அம்மாவிடம் மறைத்தோம். 'சளிக்கட்டு' என்று சொல்லிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதோம். மாலையில் செபமாலை சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு வேறொரு மருத்துவமனையில் திசு எடுத்துச் சோதித்தார்கள். காசநோய்! படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதுண்டாம். 6 மாதம் மாத்திரை. அரசு மருத்துவமனையில் அதுவும் இலவசம். ஓடிவந்து சொன்னோம். அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு முதல் நாளே தெரியும். யாராவது பக்கத்துல வந்து உட்காருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்துப் பெண்ணும் மருத்துவர் பலரிடம் அலைந்தவர்தான். நலம் பெற்றபின் நடுங்கியபடியே இயேசுவிடம் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். எத்தனையோ முறை வாசித்த பகுதி. அன்றிரவுதான் நாங்கள் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். குழாய்ச் சத்தம் தினமும் அவருக்குக் கேட்டதாம்.