ஒரு வழக்கின் சாட்சியம் மறு வழக்கில்



வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. எழுத்தறிந்தவர்கள் அடுத்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. நீதிமன்றத்தில் பதியப்படும் நம் சொல் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதே அது.

நம் மக்கள் தாக்கப்படும்போது பெரும்பாலும் இரண்டு வழக்குகள் பிறக்கின்றன. ஒன்று நாம் தொடுப்பது. மற்றொன்று நம் மீது தொடுக்கப்படுவது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அதற்காக நிலக்கிழார்கள் மீது ஒரு வழக்கு; அதே நாளில் அவர்கள் தரப்பில் ஒருவர் கொலையுண்டதற்காகத் தொழிலாளர்கள் மீது இன்னொரு வழக்கு. நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அத்தீர்ப்பின் வேதனை இன்றும் ஆறவில்லை.

இத்தகைய நேரத்தில் நம்மவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். “எங்கள் வழக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம், நீதிபதியும் ஒருவர்தாமே” என்று எண்ணி, எதிர்வழக்கில் வாளாவிருந்துவிடுகிறார்கள். 1990இல் நத்திலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக உரைத்தது: வழக்கையும் எதிர்வழக்கையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும், ஆயினும் ஒவ்வொரு தீர்ப்பையும் அந்தந்த வழக்கில் பதிவான சாட்சியத்தைக் கொண்டே எழுத வேண்டும், ஒன்றின் சாட்சியத்தை மற்றொன்றில் நோக்கலாகாது. ஆகவே, நம் வழக்கில் அழுது சொன்ன உண்மை எதிர்வழக்கில் தானாக வந்து நம்மைக் காக்காது. அங்கும் அதை முறைப்படி நிறுவ வேண்டும்.

இது கொடுமையன்றோ என்று கேட்பீர்கள். அன்று, இதுவே நமக்கும் அரணாகும். நாம் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பில்லாத ஒருவரின் சொல்லை வேறொரு வழக்கிலிருந்து எடுத்து வந்து நம் தலையில் சுமத்த முடியாது.

இதற்கு விலக்குகளும் உண்டு. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தந்தைக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்பு வழக்கு. மூதாட்டி ஒருவர் சாட்சி சொன்னார், பின்னர் மறைந்தார். அதே வரப்புக்காக அதே நிலத்துக்காரரோடு இன்று நீங்கள் வழக்காடுகிறீர்கள். அம்மூதாட்டியின் பழைய சாட்சியம் இன்றும் பயன்படும். ஆனால் மூன்று நிபந்தனைகள்: வழக்காடுவோர் அவர்களோ அவர்களின் உரிமை வழியினரோ ஆக இருக்க வேண்டும், எதிர்த்தரப்பு அன்று குறுக்கு விசாரணை செய்ய உரிமையும் வாய்ப்பும் பெற்றிருக்க வேண்டும், எழுவினா சாராம்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவாக நிற்கிறது. சாட்சியைக் கண்டுபிடிக்க இயலாதபோதும், எதிர்த்தரப்பே அவரை வரவிடாமல் தடுத்துவிட்டபோதும் இப்பிரிவு துணை செய்யும்.

மற்றொரு பயன்: ஒரு சாட்சி அங்கே ஒன்றும் இங்கே வேறொன்றும் சொன்னால், 148ஆம் பிரிவின்படி அவருடைய பழைய வாக்குமூலத்தைக் காட்டிக் குறுக்கு விசாரணையில் அவரை மடக்கலாம். அதற்குக் கையில் சான்றிட்ட நகல் வேண்டும்.

எனவே இளைஞர்களே, சாட்சியத்தைப் படித்துக் காட்டும்போது கவனித்துக் கேளுங்கள். பிழையிருந்தால் அங்கேயே சுட்டிக்காட்டுங்கள். நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி, நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். இரண்டு வழக்குகள் இருப்பதை இரண்டு வழக்கறிஞர்களுக்கும் கூறுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த 15-அ பிரிவு, விசாரணை நடவடிக்கைகளைக் காணொளியாகப் பதிய வேண்டும் என்கிறது, அதையும் கேளுங்கள். பணமில்லையே என்று தயங்க வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினர்க்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. திண்டுக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

ஆத்தூரிலோ வேடசந்தூரிலோ நாளை ஒரு தாய் சாட்சிக் கூண்டில் ஏறும்போது, அவர் அருகே படித்த பிள்ளை ஒருவர் காகிதத்தோடு நிற்க வேண்டும். அதுவே இச்சங்கம் தந்த கல்விக்கு நாம் செலுத்தும் காணிக்கை.