தவணை முடிந்தால் நாற்காலி யாருக்கு?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் பெரியவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "நன்றாக வேலை செய்கிற தலைவருக்கு எதற்கு வருஷா வருஷம் தேர்தல்? அவரே இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். ஆகவே அதை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. இதே கேள்வியை ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மக்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்று இன்று பார்ப்போம்.

பிரிட்டிஷ் அரசரின் ஆட்சியில் அங்கே 13 குடியேற்ற நாடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கவர்னர் என்பவர் அரசரின் ஆணையோடு வந்து இறங்குவார். எத்தனை வருஷம் இருப்பார்? அது அரசரின் விருப்பம். மக்கள் விரும்பினாலும் வெறுத்தாலும் அவர் அசைய மாட்டார். தமக்குப் பிடிக்காத தீர்மானம் போட்டால் சட்டசபையையே கலைத்துவிடுவார். 1774ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் டன்மோர் பிரபு என்ற கவர்னர் அப்படித்தான் செய்தார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது அல்லவா? 1776இல் சுதந்திரப் பிரகடனம் செய்து தங்களுக்கென்று அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தபோது, கவர்னர் என்ற பெயரைக் கேட்டாலே அவர்களுக்கு அச்சம். பென்சில்வேனியா மாநிலம் கவர்னரே வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு நிர்வாகக் குழுவின் கையில் பொறுப்பைக் கொடுத்தது. 1790 வரை அங்கே கவர்னர் கிடையாது. வர்ஜீனியா கவர்னரை வைத்துக்கொண்டது. ஆனால் தவணை ஒரே ஒரு வருஷம். சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும். தொடர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஒருவர் இருக்க முடியாது. இறங்கினால் நான்கு வருஷம் கழித்துத்தான் மறுபடி வரலாம்.

அங்கே முதல் கவர்னர் பாட்ரிக் ஹென்றி, பேர்பெற்ற பேச்சாளர். மக்கள் செல்வாக்கு நிறைந்தவர். இருந்தும் 1779இல் மூன்று வருஷம் முடிந்ததும் இறங்கினார். 1784இல்தான் மறுபடியும் அந்தப் பதவிக்கு வந்தார். ஆளைப் பார்த்துச் சட்டம் வளையவில்லை.

அவருக்குப் பின் வந்தவர் தாமஸ் ஜெபர்சன், சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். இரண்டு வருஷம் கவர்னராக இருந்தார். 1781 ஜூன் 2இல் அவர் தவணை முடிந்தது. அப்போது நாட்டில் யுத்தம். சட்டசபை ஊர் விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்தது. புதிய கவர்னரைத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. ஜூன் 4இல் பிரிட்டிஷ் குதிரைப்படை ஜெபர்சன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அவர் தப்பியது மயிரிழையில். ஜூன் 12இல்தான் தாமஸ் நெல்சன் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆபத்தான வேளையில் பத்து நாள், தேர்ந்தெடுத்த கவர்னர் இல்லாமல் மாநிலம் தவித்தது.

குறுகிய தவணையில் இப்படி ஒரு சங்கடம் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் கேளுங்கள். ஜெபர்சன் பதவியில் இருந்தபோது நடந்துகொண்ட விதத்தை விசாரிக்க வேண்டும் என்று சட்டசபை தீர்மானித்தது. அதே வருஷம் டிசம்பரில் அவர் சட்டசபைக்கு வந்து பதில் சொன்னார். சபை திருப்தி அடைந்து, நன்றி கூறித் தீர்மானம் போட்டது. அந்த விசாரணை அவர் மனத்தைப் புண்படுத்தியது உண்மைதான். ஆனாலும் பதில் சொன்னார். பின்னாளில் அவரே நாட்டின் ஜனாதிபதியும் ஆனார்.

பெரியவரின் கேள்விக்கு நேரான பதில் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அங்கேயும் ஒரு வருஷத் தவணைதான். வில்லியம் லிவிங்ஸ்டன் 1776இல் கவர்னரானார். ஒவ்வொரு வருஷமும் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டு, 1790இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். பதினான்கு வருஷம்! தேர்தல் அவரை அசைக்கவில்லை. நல்லவருக்குத் தேர்தலால் நஷ்டம் இல்லை, தோழர்களே.

இன்னொரு பக்கமும் உண்டு. நியூயார்க்கில் தவணை மூன்று வருஷம். எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். ஜார்ஜ் கிளின்டன் 1777 முதல் 1795 வரை தொடர்ந்து கவர்னராக இருந்தார். 1792 தேர்தலில் ஜான் ஜே என்பவர் அவரை எதிர்த்துக் கடும் போட்டி போட்டார். ஓட்டுகளைச் சரிபார்க்கும் குழுவில் கிளின்டன் கட்சியாரே அதிகம். ஓட்ஸிகோ என்ற வட்டாரத்தில் ஜேக்குத்தான் செல்வாக்கு. ஓட்டுகளை அனுப்பிய அதிகாரியின் நியமனக் காலம் முடிந்துவிட்டது என்று காரணம் சொல்லி, அந்த வட்டாரத்தின் ஓட்டுகள் முழுவதையும் தள்ளிவிட்டார்கள். கிளின்டன் 108 ஓட்டில் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. விடியுமுன் எழுந்து பால் வெட்டி வாளி நிறையக் கொண்டுவந்தாலும், தராசு யார் கையில் என்பதைப் பொறுத்துத்தானே நமக்குக் கணக்கு! தவணை வைத்தால் மட்டும் போதாது. எண்ணுகிற கையும் நேர்மையாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தத் தேர்தல்களில் ஓட்டுப் போட்டவர்கள் யார்? நியூயார்க்கில் கவர்னருக்கு ஓட்டுப் போட 100 பவுன் பெறுமான நிலம் வேண்டும். வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களில் பாடுபட்ட கறுப்பின அடிமைகளுக்கு ஓட்டு இல்லை; சுதந்திரமே இல்லை. ஹென்றியும் ஜெபர்சனும்கூட அடிமைகளை வைத்திருந்தவர்களே. அரசரின் கவர்னரைக் கண்டு அஞ்சியவர்கள், தங்கள் தோட்டத்தில் தாங்களே தவணையில்லாத எஜமானர்களாக இருந்தார்கள். அந்தக் களங்கத்தை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது.

ஆகவே பெரியவருக்கு நம் பதில் இது: தலைவர் மேல் நமக்கு நம்பிக்கை இல்லாததால் அல்ல தேர்தல். நாற்காலி உறுப்பினர்களுக்குச் சொந்தம் என்பதை அவரும் மறக்கக் கூடாது, நாமும் மறக்கக் கூடாது என்பதற்காகவே தேர்தல். தவணைக்கு முடிவு இருக்கட்டும். கணக்குக் கேட்கும் உரிமை இருக்கட்டும். எண்ணும் கை சுத்தமாக இருக்கட்டும். பால் வெட்டுகிறவர், புல் வெட்டுகிறவர், கிராணி, ஆண், பெண் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் ஒரே ஓட்டு இருக்கட்டும். அதன் பிறகும் நம் தலைவரே மறுபடி ஜெயித்து வந்தால், முதல் மாலையைப் பெரியவரே போடட்டும்!