கொத்துத் தலைவலியும் பிராணவாயுவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வல்ல பெரியோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்க, ஒரு நோயைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். நாம் மருத்துவர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தர். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரும் அல்லோம். ஆயினும் இந்நோயை அருகிருந்து கண்டோம். அதற்கு ஏற்ற மருந்து ஒன்று உண்டென்பதையும் கண்டோம். உயிர்கள் அனைத்தும் மூச்சுக்கு மூச்சு உட்கொள்ளும் பிராணவாயுவே அம்மருந்து.

நோயின் பெயர் கொத்துத் தலைவலி. சில வாரங்களோ மாதங்களோ கொத்துக் கொத்தாக வந்து வருத்திவிட்டு, பிறகு பல மாதங்கள் மறைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இது உண்டு என்பர். ஒற்றைத் தலைவலி உடையவர் இருட்டறையில் அசையாது படுத்திருப்பார். இந்நோய் உடையவரோ படுக்கமாட்டார், எழுந்து உலாவுவார், சுவரில் தலையை மோதிக்கொள்வார். வலி ஒரு கண்ணைச் சுற்றியே எழும். அக்கண் சிவந்து நீர் வடிக்கும்; இமை தாழும்; அப்பக்கத்து மூக்கு அடைக்கும். கால் மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறை வருவதும் உண்டு. கால அட்டவணைப்படி வரும் வண்டியைப் போல, நள்ளிரவில் அதே வேளையில் வந்து எழுப்பும். உடலின் கடிகாரமாக விளங்கும் ஹைபோதலாமஸ் என்னும் மூளைப் பகுதிக்கு இதில் பங்குண்டென ஆய்வாளர் கண்டுள்ளனர்.

நம்முடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் இந்நோயால் ஆண்டுக்கணக்கில் அல்லலுற்றார். மூக்கடைப்பைக் கண்டு சைனஸ் என்றார் ஒருவர். பல்லில் கோளாறென்று இரண்டு பற்களைப் பிடுங்கினார் மற்றொருவர். உறவினர் மந்திரித்துக் கயிறு கட்டினர். இரவுப் பணிக்கு அஞ்சி நடிக்கிறார் என்று கூறியவர்களும் இருந்தனர். வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்குமுன் வலியே தன் நேரம் முடிந்து போய்விடும். இறுதியில் கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவர், “வலி வரும்போது படுப்பீர்களா, நடப்பீர்களா?” என்று ஒரே கேள்வி கேட்டார். விடையைக் கேட்டதும் நோயைக் கண்டுகொண்டார். வீட்டிலேயே பிராணவாயு வைத்துக்கொள்ள எழுதிக் கொடுத்தார்.

சிலிண்டர் வீட்டு வாசலில் இறங்கிய அன்று அவருடைய தாயார் கதறி அழுதார். அண்டை வீட்டார் துக்கம் விசாரிப்பவரைப் போல வந்து நின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2021ஆம் ஆண்டின் கொடிய நாட்களை யார் மறப்பார்? அன்று பிராணவாயுவுக்கென்றே தனி வண்டிகளை இரயில்வே ஓட்டியது. ஒடிசாவின் கலிங்கநகரிலிருந்து கேரளத்திற்கான முதல் வண்டி அவ்வாண்டு மே 16ஆம் நாள் கொச்சி வல்லார்பாடத்தை அடைந்தது. அன்று முதல், சிலிண்டர் என்றால் இறுதி மூச்சு என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. இந்நோய்க்கோ அது இறுதி மூச்சன்று. கால் மணி நேரம் சுவாசித்துவிட்டு, எழுந்து வேலைக்குச் செல்வதற்கான மருந்து.

இது புதிய கண்டுபிடிப்புமன்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஹார்ட்டன் என்னும் மருத்துவர் 1950களிலேயே இதைக் கையாண்டார். 1981இல் குட்ரோ என்பவர் ஆராய்ந்து எழுதினார். 2009இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்றில், பிராணவாயுவைச் சுவாசித்தவர்களுக்கு நூற்றுக்கு 78 முறை கால் மணி நேரத்தில் வலி நீங்கியது அல்லது போதிய அளவு தணிந்தது. வெறுங்காற்றைச் சுவாசித்தபோது நூற்றுக்கு 20 முறையே அவ்வாறு நேர்ந்தது.

முறை இதுதான். வலி தொடங்கியவுடனே நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவர் குறித்த அளவில், பெரும்பாலும் நிமிடத்திற்கு 12 முதல் 15 லிட்டர் வீதம், 15 நிமிடம் சுவாசிக்க வேண்டும். மூக்கில் செருகும் குழாய் போதாது. வெளிக்காற்று கலவாதபடி, பை பொருத்திய முகமூடி வேண்டும். அந்த அளவுக்குத் திறக்கும் ரெகுலேட்டரும் வேண்டும். வீடுகளில் வைக்கும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் இயந்திரம் இதற்கு ஈடு கொடுக்காது.

கணக்கெழுதும் நமக்குக் கணக்கு வராமல் போகுமா? 12 லிட்டர் வீதம் 15 நிமிடத்திற்கு 180 லிட்டர். பி வகைச் சிறு சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் உண்டு. எட்டு முறைக்குப் போதும். டி வகைப் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். முப்பத்தெட்டு முறைக்கு வரும். நாளுக்கு இருமுறை வலி வருபவருக்குச் சிறியது நான்கு நாள், பெரியது பத்தொன்பது நாள்.

மருத்துவமனைக்கே சென்று சுவாசித்தால் என்ன என்று கேட்கலாம். நகரில் இருப்போர்க்கு அது இயலலாம். தேவிகுளம், பீர்மேடு மலைகளில் எஸ்டேட் லயங்களில் வாழும் நம் மக்களையும், அட்டப்பாடியிலும் நெல்லியாம்பதியிலும் வாழ்வோரையும் எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் வண்டி பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மருத்துவமனையை அடைவதற்குள் வலி நின்றிருக்கும். பார்க்கும் மருத்துவருக்கு நோயின் அடையாளமே தென்படாது. பாலக்காட்டுக் கணவாயின் கஞ்சிக்கோட்டிலேயே காற்றைக் குளிர்வித்துப் பிராணவாயுவைப் பிரிக்கும் ஆலை உண்டு. பக்கத்தில் விளையும் மருந்து, வேண்டிய வேளையில் வேண்டியவர் கைக்கு எட்டாதிருப்பது தகுமோ?

எச்சரிக்கைகளும் உண்டு. பிராணவாயு தானே எரியாது. ஆனால் சிறு பொறியையும் பெருநெருப்பாக்கும். பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் கூடாது. தலைவலித் தைலம் பூசிய முகத்தோடு முகமூடி அணியாதீர்கள். எண்ணெய்க் கையால் வால்வைத் தொடாதீர்கள். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் பிணைத்து வையுங்கள். நெடுநாள் நுரையீரல் நோய் உள்ளவருக்கு மிகுந்த பிராணவாயு தீங்கு செய்யலாம். அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. பிராணவாயு வந்த வலியைத் தணிக்குமேயன்றி, அடுத்த வலியைத் தடுக்காது. தடுக்கும் மருந்துகள் வேறு உண்டு. வலிக் காலத்தில் மது அறவே ஆகாது. இடி விழுந்தாற்போல் திடீரெனத் தோன்றும் தலைவலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் தலைவலி, கைகால் தளர்ச்சியோடு வரும் தலைவலி ஆகியவற்றுக்குச் சிலிண்டரைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நண்பர்களே, நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். மருத்துவரின் சீட்டோடு வரும் உறுப்பினருக்கு இரவல் கொடுக்க, இரண்டு சிலிண்டர்களும் அவற்றுக்குரிய கருவிகளும் சங்கக் கட்டடத்தில் இருக்கட்டும். ஊர்விட்டு வந்த நமக்கு ஒருவருக்கொருவரே சுற்றம். நள்ளிரவில் ஒருவர் சுவரில் தலையை மோதும்போது, அவரை நடிப்பவர் என்னாது, நோயாளி என்று அறிந்து நாம் துணை நிற்போமாக.