வந்த மக்களைத் திருப்பி அனுப்பியது யார்?



அரசுத் தொலைபேசி நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லின் கதை முடிந்துவிட்டது, ஜியோவோடும் ஏர்டெல்லோடும் அதனால் மல்லுக்கட்ட முடியாது என்று ஊரே பேசுகிறது. இதே ஊர் 2024 ஜூலையில் என்ன செய்தது? தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. மக்கள் யாரும் சொல்லாமலே பி.எஸ்.என்.எல். வாசலில் போய் நின்றார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 29 லட்சம் இணைப்புகள் கூடின. முடிந்துபோன கதைக்கு 29 லட்சம் பேர் வருவார்களா?

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே எண்ணிக்கை மறுபடி இறங்கியது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. விலையைப் பார்த்து வந்தவர்கள் சிக்னலைப் பார்த்துத் திரும்பினார்கள். நியாயமான கோபம் அது. காய்கறி விற்கிற அம்மாவுக்கு க்யூ.ஆர். அட்டையில் பணம் விழுந்த சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வியாபாரம் நிற்கும். தேசத்தின் நிறுவனம் என்பதற்காக அவர் நஷ்டப்பட வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது. நான் கேட்பது வேறு. வந்த மக்களை வைத்துக்கொள்ள முடியாத நிலைக்கு இந்த நிறுவனத்தைக் கொண்டுவந்தது யார்?

2002 அக்டோபரில் லக்னோவில் பிரதமர் வாஜ்பாய் பி.எஸ்.என்.எல்.லின் செல்ஒன் செல்பேசி சேவையைத் தொடங்கிவைத்தார். நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கட்டிய காலம். அரசு நிறுவனம் களத்தில் இறங்கியது, கட்டணம் சரிந்தது, அடுத்த ஆண்டே இன்கமிங் இலவசமாயிற்று. 2004-05-இல் இந்த நிறுவனத்தின் லாபம் 10,000 கோடி ரூபாய்க்கு மேல். போட்டி போடத் தெரியாத நிறுவனமா இது?

பிறகு என்ன நடந்தது? கோடிக்கணக்கான இணைப்புகளுக்குக் கருவி வாங்க டெண்டர் விட்டார்கள். 2007-இல் அதைப் பாதியாக வெட்டினார்கள். அடுத்து 9.3 கோடி இணைப்புகளுக்கு விட்ட பெரிய டெண்டர் 2010-இல் ரத்தானது. செல்பேசி காட்டுத்தீயாய்ப் பரவிய ஆண்டுகள் அவை. சந்தை முழுக்க வாடிக்கையாளர் நிற்கிறார், நம்மிடம் கொடுக்க லைன் இல்லை! அதே 2010-இல் 3ஜி அலைக்கற்றைக்கும் அகலக்கற்றை அலைவரிசைக்கும் சேர்த்துச் சுமார் 18,500 கோடி ரூபாயை இந்த நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து அரசு வாங்கிக்கொண்டது. ஏலத்தில் தனியார் கேட்ட விலைதான் உனக்கும் என்றார்கள். சேமிப்பு கரைந்தது. விதைநெல்லை அளந்து வாங்கிக்கொண்டு போய்விட்டு, ஏன் இன்னும் நாற்று விடவில்லை என்று கேட்டால் விவசாயி என்ன சொல்வான்?

2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி-யோடு வந்தது. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை ஒதுக்க அமைச்சரவை முடிவெடுத்தது 2019 அக்டோபரில். அந்த ஆண்டுதான் ஊழியர்களுக்குச் சம்பளம் தாமதமானது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் கூலி இல்லாமல் கிடந்தார்கள். 2020 ஜனவரி 31, ஒரே நாளில் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். எந்தக் கேபிள் எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் போகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவை எந்தக் கோப்பிலும் எழுதி வைக்கவில்லை.

அதே ஆண்டு 4ஜி டெண்டர் ரத்தானது. உள்நாட்டுக் கருவிதான் வேண்டும் என்றார்கள். உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஏர்டெல் நோக்கியாவிடமும் எரிக்சனிடமும் வாங்கியது, ஜியோ சாம்சங்கிடம் வாங்கியது. காத்திருக்கும் கடமை அரசு நிறுவனத்துக்கு மட்டும்தானா? டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் கூட்டணியின் சொந்தக் கருவிகளோடு இந்த 4ஜி-யைப் பிரதமர் ஒடிஷாவின் ஜார்சுகுடாவில் தொடங்கிவைத்தது 2025 செப்டம்பரில். அதற்கு மூன்றாண்டு முன்பே போட்டியாளர்கள் 5ஜி-க்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். பி.எஸ்.என்.எல். கோபுரங்களைப் பகிர்ந்துகொண்ட ஜியோவிடம் ஒப்பந்தப்படி வசூலிக்க வேண்டிய கூடுதல் தொகைக்குப் பத்தாண்டு காலம் பில்லே போடவில்லை, இழப்பு சுமார் 1,757 கோடி என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2025-இல் அறிக்கை கொடுத்திருக்கிறார். பில் போடாதவர் யார், போட விடாதவர் யார் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டாமா?

மூடிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் பதில் இருக்கிறது. நம் மாநிலத்தில் ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் படுத்துவிட்டது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற, போர்ட் என்று டைப் செய்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு சிக்னல் வேண்டும். சிக்னலே இல்லை! வங்கி ஓ.டி.பி. வராது, கேஸ் பதிய முடியாது, வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட்டால் மணி அடிக்காது. கடை வாசலில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இன்று ஜியோ, ஏர்டெல் இரண்டும் சேர்ந்து நாட்டின் செல்பேசி இணைப்புகளில் 70 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கின்றன. வோடஃபோன் ஐடியா பாக்கி கட்ட முடியாமல், அந்தப் பாக்கியே பங்காக மாறி, அரசு அதில் சுமார் 49 சதவீதப் பங்குதாரர். பி.எஸ்.என்.எல்.லும் போனால் கட்டணத்தை இரண்டு பேர் எழுதுவார்கள், நாம் கட்டுவோம்.

பி.எஸ்.என்.எல்.லால் போட்டி போட முடியுமா என்றால், முடியும் என்கிறேன். 6.8 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஃபைபர் இருக்கிறது. சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நுழையும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இருக்கிறது. 2024 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் 262 கோடி லாபம் வந்தது, 2007-க்குப் பிறகு முதல் முறையாக. முதலிடம் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. மற்றவர்கள் விலை ஏற்றுகிற நாளில் மக்கள் நம்பி வரக்கூடிய இடமாக இருந்தால் போதும், விலை ஏற்றுகிறவர்கள் கை தானாக நடுங்கும்.

ஆனால் கோபுரத்தில் 4ஜி ஆன்டெனா மாட்டினால் மட்டும் வேலை முடியாது. கோபுரத்தின் அடிவரை ஃபைபர் வர வேண்டும். வராவிட்டால் ஃபோனில் 4ஜி என்று காட்டும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும். பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போனதும் கோபுரமும் போய்விடும். நம் ஊழியத் தோழர்களுக்கும் சொல்கிறேன், கவுன்ட்டருக்கு வருகிறவரை நாளைக்கு வா என்று அனுப்பாதீர்கள். அவர் நாளைக்கு வரமாட்டார், எதிர்க் கடைக்குப் போவார்.

மேடைக்கு இடப்பக்கம் மேசையில் மனு இருக்கிறது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஃபைபரும் புதுப் பேட்டரியும் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுத்தில் கொடு, காலி இடங்களை நிரப்பு, 5ஜி-க்கு இன்னொரு ஐந்தாண்டு இழுக்காதே, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. உங்கள் தெருவில் சிக்னல் எங்கே அறுந்துபோகிறதோ அந்த இடத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை பொது மேலாளர் அலுவலகத்துக்குப் போகிறோம். காலை 10 மணி. வாருங்கள்.