கடலடியில் ஒரு வகுப்பு



சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் ஓசையிலே வளரும் பிள்ளைகளுக்குக் கடல் என்பது தேசப்படத்தில் நீலம் தீட்டிய இடமேயாகும். அத்தகைய மாணவர் அறுவரை, யான் ஓய்வு பெற்ற பின்னர், இராமநாதபுரம் மாவட்டத்துப் பாக்கு விரிகுடாக் கரைக்கு அழைத்துச் சென்றேன். பெற்றோர் இசைவும், மருத்துவர் சான்றும், தேர்ந்த பயிற்றுநர் துணையும் பெற்று அவர்கள் நீரில் இறங்கினர். யான் படகில் அமர்ந்திருந்தேன்.

நீரில் மூழ்குதல் தமிழர்க்குப் புதிதன்று. தூத்துக்குடியில் முத்துக்குளித்தோர் கல்லின் கனத்தால் ஆழத்திற்குச் சென்று, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மீண்டனர். அங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நிகழ்ந்தது. 1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர் அமைத்த கருவியோ, முதுகிற் சுமக்கும் காற்றை வேண்டிய அளவில் வாய்க்கு அளிக்கிறது. முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்க வேண்டும்; இக்கருவி அணிந்தவரோ ஒருபோதும் அடக்கலாகாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. அங்கே உள்வாங்கிய காற்று, மேலேறுங்கால் விரிந்து நுரையீரலைச் சிதைத்துவிடும். கரும்பலகையில் யான் எழுதிய பாயில் விதியை மாணவர் அன்று தம் நெஞ்சினாலேயே கற்றனர்.

மேலே வந்ததும் ஆளுக்கொன்று கூறினர். கிளிமீன் பவளப் பாறையைக் கொறிக்கும் ஓசையைக் கேட்டதாக ஒருவன் சொன்னான். அம்மீன் கொறித்த பாறையே பின்னர் வெண்மணலாக வெளிவருகிறது. மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவை எவரும் காணவில்லை. அது மேயும் கடற்புல்லைக் கண்டனர். இவ்விலங்கிற்கென 2022-இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

பட்டறைக்காரர் மகன் ஒருவன், “ஐயா, ஒரு பவளம் வெள்ளி போலவே வெளுத்து அழகாக இருந்தது. ஒரு கிளை ஒடித்து வந்திருக்கலாமே?” என்றான்.

“தம்பி, அது அழகன்று, நோய்” என்றேன்.

பவளம் கல்லன்று, உயிர். அதன் உடலில் குடியிருக்கும் நுண்பாசியே அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. கடல்நீர் வெம்மை மிகுந்தால் பவளம் அப்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். விரைவில் நீர் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளுப்பு நேர்ந்தது. ஒடிக்கும் கையைச் சட்டம் தடுக்கும்; வெம்மையைத் தடுப்பது யார்? அவ்வெம்மைக்குக் காரணமான புகையில் சேலத்துப் புகையும் கலந்திருக்கிறதன்றோ?

பையன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “நம் ஊருக்கும் இதில் பங்குண்டா, ஐயா?” என்று கேட்டான். உண்டு என்றேன். கடலைக் காணாத ஊர்ப் பிள்ளைகளே அவ்வினாவை முதலிற் கேட்க வேண்டியவர்கள். ஆசிரியப் பெருமக்கள் அதற்கு வழிசெய்வார்களாக.