விராலுக்கு ஒரு பங்காளி

கோடையிலே மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் குறுகினால் கெண்டை செத்து மிதக்கும். விரால் சேற்றுக்குள்ளே கிடந்து பிழைத்துக்கொள்ளும். அதன் தலையில், செவுளுக்கு மேலே, காற்று அறை இருக்கிறது. மேலே வந்து காற்றைக் குடித்துப் போகும். மேலே வரவிடாமல் வலையில் அமுக்கி வைத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்தும் போகும்!

கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் நெல் வயலில் கிடைத்த ஒல்லியான மீன் ஒன்றைப் பற்றி 2019-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பூமிக்கடி நீரில் வாழ்கிற மீன் அது. திருவல்லா பக்கம் கிணற்றிலும் அதன் இனம் கிடைத்தது. 2020-இல் அதைத் தனிக் குடும்பமாகவே வைத்தார்கள். விராலுக்குப் பங்காளிதான்; ஆனால் பாகம் பிரிந்து 10 கோடி வருஷத்துக்கு மேலிருக்கும் என்று கணக்கு. நம் நிலப்பரப்பு ஆசியாவோடு வந்து ஒட்டாத காலம் அது. பங்காளிக்குக் காற்று அறை கிடையாது. வற்றுகிற கண்மாயில் பிழைக்க நம் விராலுக்குத்தான் அந்தச் சொத்து.

இவ்வளவு பழைய குலத்துக்கு இப்போது கஷ்டம் நம் தூண்டிலாலே வருகிறது. ஐப்பசி மழையில் கரையோரம் செக்கச் செவேலென்று குஞ்சுக் கூட்டம் மிதக்கும். அடியிலே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அப்போது தூண்டில் போட்டால் சுலபமாக மாட்டும்தான். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். குஞ்சு நிறம் மாறிப் பிரிகிற வரை, சில வாரம், அந்த மூலையில் வலையும் தூண்டிலும் வேண்டாம். மீன்பாசி குத்தகை எடுத்தவரிடமும் சொல்லி வையுங்கள்.