புத்தாண்டுத் தட்டில் காராமணி

ஜனவரி 1ஆம் தேதி அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல வீடுகளில் என்ன சமைப்பார்கள் தெரியுமா? நம்ம காராமணிதான்! சில ஊர்களில் தட்டைப்பயறு என்போமே, அதேதான். பன்றி இறைச்சித் துண்டோடு வேகவைத்து அரிசியும் சேர்த்தால், அதற்கு 'ஹாப்பிங் ஜான்' என்று பெயர். பயறு சில்லறைக் காசாம், கூட வைக்கும் கீரை டாலர் நோட்டாம், சோள ரொட்டி தங்கமாம். இவற்றைச் சாப்பிட்டால் வருஷம் முழுக்கக் கையில் பணம் புழங்கும் என்று நம்பிக்கை.

இந்தக் காராமணியும் வெண்டைக்காயும் அடிமை வணிகக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே போனவை. அடிமைப்பட்ட மக்களின் கைப்பக்குவம் இல்லாமல் தென் மாநிலச் சமையலே இல்லை. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

சோள ரொட்டிக்குக் கனமான இரும்புச் சட்டி வேண்டும். கொழுப்பு விட்டு நன்றாகக் காயவைத்து மாவை ஊற்றினால் 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் அடிப்பக்கம் மொறுமொறுவென்று சிவக்கும். கீரை வெந்த தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். அதில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கீரையின் சத்தில் ஒரு பகுதி அதில் இறங்கியிருக்குமே!

இந்தச் சமையலை எழுதி வைத்தவர்களில் ஒருவரான எட்னா லூயிஸ் என்ற அம்மையார், விடுதலை பெற்ற அடிமைகள் வர்ஜீனியாவில் உருவாக்கிய ஃப்ரீடவுன் கிராமத்தில் 1916இல் பிறந்தவர். தன் வீட்டில் எந்தப் பருவத்தில் எதைச் சமைத்தார்கள் என்பதை 1976இல் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் சமையல் பக்குவங்களை இன்றைக்கே கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.